அண்ணையின் துப்பாக்கி உறை

இடியாப்பத் தட்டுக்கும் சம்பல் கிண்ணத்துக்கும் நடுவே ஒரு துப்பாக்கி கிடந்தது. மரத் துப்பாக்கிதான். சமையலறைப் பலகை ஒன்றை அறுத்து, சீவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் செய்தது. மேலே அலுமினியத் தாள் சுற்றியிருந்ததால் விளக்கு வெளிச்சத்தில் மினுங்கியது. அக்கா அதன்மேல் ஒரு கைத்துண்டைப் போட்டு மூடினார். அண்ணை துண்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அக்கா மறுபடி மூடினார். விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டு இப்படிச் சண்டை போட்டால் வந்தவன் சாப்பிடுவதா, எழுந்து போவதா? கடைசியில் அக்காதான் வாயைத் திறந்தார். “உதுக்குப் பயந்துதானே உடுத்த உடுப்போட ஓடி வந்தனாங்கள். இப்ப என்ர சாப்பாட்டு மேசையில கொண்டுவந்து வைச்சிருக்கிறார், பாரும் தம்பி.” அண்ணை சம்பலைத் தன் தட்டில் போட்டுக்கொண்டே, “உது சுடாதப்பா, மரம்” என்றார். இடது கையால் கரண்டியைப் பிடித்திருந்தார்.

அண்ணையும் நானும் ஒரே ட்ரக்கில் வேலை செய்தோம். வங்கிகளுக்கும் கடைகளுக்கும் பணம் கொண்டுபோய்க் கொடுத்து, பணம் வாங்கி வருகிற கவச வண்டி அது. நான் ஓட்டுவேன். அவர் இறங்கிப் பையைச் சுமந்துகொண்டு உள்ளே போவார். இரண்டு பேர் இடுப்பிலும் துப்பாக்கி இருக்கும். காலையில் நிறுவனத்தின் பெட்டகத்திலிருந்து எடுத்து மாட்டுவோம். வேலை முடிந்ததும் அங்கேயே வைத்துவிட்டுப் போக வேண்டும், வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. சென்னையிலிருந்து கம்ப்யூட்டர் படிக்க மாண்ட்ரியால் டவுன்டவுனுக்கு வந்து, படித்து முடித்து, கிடைத்த வேலையும் ஆள்குறைப்பில் போன பிறகு நான் இந்த ஸ்டியரிங்கைப் பிடித்தேன். ஊரில் அம்மாவிடம் ‘பேங்க் சம்பந்தப்பட்ட வேலை’ என்று சொல்லி வைத்திருக்கிறேன். முழுப் பொய் என்று யாரும் சொல்ல முடியாது.

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். அவர்கள் ஊர் வழக்கப்படி நானும் அவரை அண்ணை என்றும் அவர் மனைவியை அக்கா என்றும் கூப்பிட்டுப் பழகிவிட்டேன். வயதைப் பார்த்தால் சித்தப்பா என்றுதான் கூப்பிட வேண்டும். அகதியாக வந்து, டவுன்டவுன் உணவகம் ஒன்றின் சமையல்கட்டில் வருடக்கணக்கில் பாத்திரம் கழுவி, பிறகு ஒரு கட்டடத்தில் காவலாளியாக நின்று, அதற்கும் பிறகு இந்த ட்ரக்குக்கு வந்தவர். சீருடையை அவர் போடுகிற விதமே தனி. சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. பூட்ஸில் முகம் பார்க்கலாம். பையோடு அவர் வங்கிக்குள் நுழையும்போது வாசலில் நிற்கிறவர்கள் விலகி நிற்பார்கள். ஒருநாள் திரும்பி வந்து கதவைச் சாத்திக்கொண்டு சொன்னார்: “இந்த நாட்டில எனக்கு ஆக்கள் வழி விடுறது உந்தப் பத்தடிக்குள்ளதான் தம்பி. மற்ற நேரமெல்லாம் நான்தான் விலத்துறனான்.” சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கேடு அவருடைய வலது கைப் பெருவிரலில் வந்தது. நோட்டுக் கட்டுக்குக் கனமில்லை. சில்லறைக் காசு இருக்கிறதே, அதுதான் ஆளைக் கொல்லும். காசுப் பைகளைக் கழுத்தில் பிடித்துத் தூக்கித் தூக்கி, பெருவிரல் அடிமூட்டு தேய்ந்துபோயிருந்தது. முதலில் நான் கவனித்தது காபியில். தெப்பனரில், அதாவது இங்கே மூலைக்கு மூலை இருக்கிற சின்னக் கடையில், காபி வாங்கி வந்தால் மூடியைத் திறக்காமல் என்னிடம் நீட்டுவார். பிறகு சாவி. பிறகு சீட் பெல்ட். கடைசியில் அவர் வீட்டுக்குப் போன ஒரு காலையில், அக்கா அவருடைய சீருடைச் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் இரண்டு பேரும் வேறு பக்கம் பார்த்தார்கள். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் ஒரு தாளைக் கொடுத்தால் அது நழுவி விழுந்துவிடும். அந்த அளவுக்கு வலு போயிருந்தது.

அதோடு நின்றிருந்தாலும் எப்படியோ ஓட்டியிருப்பார். அந்த வருடம் பார்த்து நிறுவனம் துப்பாக்கியையும் உறையையும் சேர்த்து மாற்றியது. பழைய தோல் உறைகளை வாங்கிக்கொண்டு, கெட்டியான பிளாஸ்டிக்கில் புது உறை கொடுத்தார்கள். பக்கத்தில் வருகிறவன் சட்டென்று உருவிவிடக் கூடாது என்று அதில் ஒரு பூட்டு வைத்திருந்தது. பெருவிரலால் கீழே அழுத்தி முன்னால் தள்ளினால்தான் துப்பாக்கி வெளியே வரும். எனக்கு அது ஒரு வேலையே இல்லை. அண்ணைக்கு அது மலை. வருடா வருடம் குளிர் முடிகிற நேரத்தில் சுடும் சோதனை நடக்கும். உருவ வேண்டும், சுட வேண்டும், குனிந்து பார்க்காமல் ஒரே கையால் மறுபடி உறைக்குள் போட வேண்டும். தேறாவிட்டால் துப்பாக்கி வைத்திருக்கும் அனுமதி போகும். அனுமதி போனால் வேலை போகும். அக்கா தைத்துக்கொண்டிருந்த உடுப்புத் தொழிற்சாலையைப் போன குளிரிலேயே மூடிவிட்டார்கள். அறுபதை நெருங்குகிற ஆளுக்கு, கை போன ஆளுக்கு, இனி யார் வேலை கொடுப்பார்கள்?

“சொல்லிடுங்க அண்ணை” என்று நான் எத்தனை தடவை சொன்னேன் என்று கணக்கில்லை. “இங்க பட்ட அடி இது. மூட்டை தூக்கினதால வந்தது. சொன்னா வைத்தியம் பார்ப்பாங்க, காசு எண்ணுற அறையில உட்கார வைப்பாங்க. அதுக்குத்தானே சட்டம் இருக்கு?” அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு கேட்பார். கேட்டுவிட்டு, “நீர் வாயைத் திறக்கக்கூடாது” என்பார். அதட்டலாகச் சொல்லமாட்டார், கெஞ்சுகிற குரலாக இருக்கும். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். படித்துப் படித்துச் சொல்லியும் கேட்காத மனுஷனை என்ன செய்வது?

நிறுவனத்தின் விதிகளில் ஒரு சின்னச் சந்து இருந்தது. சொந்த உறை வைத்துக்கொள்ளலாம். ஆனால் துப்பாக்கியை இறுக்கிப் பிடிக்கிற வார் ஒன்று இருக்க வேண்டும், பயிற்சியாளர் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். அண்ணை அந்தச் சந்துக்குள் புகுந்துகொண்டார். கடையில் நல்ல தோல் உறை கேட்டால் சொன்ன விலை அவருக்குக் கட்டாது, அதுவும் செய்து அனுப்ப மாதக்கணக்கில் ஆகும் என்றார்கள். “வீட்டில செய்வம்” என்றார். செருப்பு அறுந்தால்கூடத் தைக்கத் தெரியாத ஆள். போனில் யார் யாரோ உறை செய்து காட்டுகிற வீடியோக்களைப் போட்டு, சாப்பாட்டு இடைவேளையில் ட்ரக்குக்குள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பார். அவர்கள் பேசுகிற ஆங்கிலம் பாதி புரியாது. கைகளை மட்டும் பார்ப்பார்.

தோலுக்கு அலைந்தது ஒரு கதை. பழைய சோபாவைக் கிழித்துப் பார்த்தோம். அது துணி மாதிரித் தொங்கியது. உறைக்கு வேண்டியது தடிமனான, மரப்பட்டைச் சாயத்தில் பதப்படுத்திய தோல். நனைத்தால் இளகும், காய்ந்தால் இறுகும். அது புதிதாக வாங்கினால் விலை கூடுதல். இல்-பிசாரில் ஒரு அம்மா பழைய குதிரைச் சேணம் ஒன்றைக் கொஞ்ச விலைக்குத் தருவதாக விளம்பரம் போட்டிருந்தார். அந்தத் தீவுக்கு பஸ்ஸை நம்பிப் போக முடியாது. என் காரில் போனோம். பனி குவிந்த முற்றத்தில் அந்த அம்மா சேணத்தைத் தட்டிக் கொடுத்தபடி நின்று, “உங்களிடம் குதிரை இருக்கிறதா?” என்று பிரெஞ்சில் கேட்டார். அண்ணை என்னை ஒருமுறை பார்த்தார். “வீ, மதாம்” என்று தலையாட்டினார். “சின்னது.” குதிரைக்குப் பெயர் என்ன என்று அடுத்த கேள்வி வருவதற்குள் சேணத்தை அள்ளிக்கொண்டு காருக்கு வந்துவிட்டோம். அன்று பாலம் தாண்டும்வரை சிரித்தோம். அந்தக் குளிர்காலத்தில் அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

உறை செய்ய உள்ளே வைக்கத் துப்பாக்கி வேண்டும். துப்பாக்கியோ பெட்டகத்தை விட்டு வெளியே வராது. அதனால்தான் அந்த மரத் துப்பாக்கி. நீளமும் உயரமும் துப்பாக்கியின் கையேட்டில் போட்டிருந்தது. மற்ற மேடு பள்ளமெல்லாம் அண்ணையின் கை ஞாபகம். காலையில் பெட்டகத்தில் துப்பாக்கியைக் கையில் வாங்கியதும் கண்ணை மூடி ஒரு நிமிஷம் தடவிப் பார்ப்பார். மாலையில் வீட்டுக்குப் போய் மரத்தை இன்னும் கொஞ்சம் சீவுவார். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னல் வழியே பார்த்துவிட்டு போலீஸைக் கூப்பிட்டால் என்ன ஆவது என்று அக்கா திரைச்சீலையைப் பகலிலேயே இழுத்து மூடி வைத்திருந்தார்.

தமிழ்க் கடையில் கொடுத்த கோயில் நாட்காட்டியின் தாளைக் கிழித்து, முருகன் படம் உள்பக்கம் போகும்படி மடித்து, நடுவில் மரத் துப்பாக்கியை வைத்து அளவு எடுத்தார். அந்த அளவுக்குச் சேணத்தின் பக்கவாட்டில் தொங்குகிற அகலமான பகுதியை வெட்டியது நான். தையல் போடுகிற இடத்தில் கோடு இழுத்து, குத்தூசியால் ஓட்டை போட வேண்டும். அதற்குப் பெருவிரல் வேண்டும். இடது கையால் முயன்றார். ஊசி வழுக்கி உள்ளங்கையில் ஏறியது. மெழுகு தடவிய நூல், இரண்டு முனையிலும் ஊசி, ஒரே ஓட்டை வழியாக இரண்டு பக்கமிருந்தும் கோத்து இழுக்க வேண்டும். ஒரு மாலை முழுவதும் இருந்து ஒரு விரற்கடை நீளம்தான் தைத்திருப்பார், அதுவும் கோணல். பிறகு தோலை மேசையில் போட்டுவிட்டு, வலது கையை மடியில் வைத்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். “உதைத் தொடமாட்டன்” என்று சாமிமேல் சத்தியம் செய்திருந்தவர். கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கோணல் தையலைப் பிரித்து, முதலிலிருந்து தைக்க ஆரம்பித்தார். மரத் துப்பாக்கியின் மேல் மட்டும் கைத்துண்டு கிடந்தது. கண்ணை அந்தப் பக்கம் திருப்பாமல் தைத்தார். “இறுக்கித் தையப்பா, விலகக்கூடாது” என்று அண்ணை மெதுவாகச் சொன்னார். “எனக்குத் தெரியும், சும்மா இருங்கோ” என்றார் அக்கா. தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கான ஜாக்கெட்டுகளுக்குக் கழுத்துப் பட்டை தைத்த கை அது. தையல் கோடு போட்டதுபோல ஓடியது.

தைத்ததை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போட்டு, மரத் துப்பாக்கிக்குச் சாப்பாடு மூடுகிற மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி உள்ளே நுழைத்து, கரண்டியின் முதுகால் அழுத்தி அழுத்தித் துப்பாக்கியின் உருவத்தைத் தோலில் எடுத்தோம். காய்ந்தபின் தட்டிப் பார்த்தால் சிரட்டை மாதிரிக் கெட்டியாக இருந்தது. வாரை அண்ணை தானே யோசித்து வைத்தார். பெருவிரலுக்கு வேலையே இல்லை. உள்ளங்கை விளிம்பால் ஒரு தட்டுத் தட்டினால் பொத்தான் விட்டுக்கொள்ளும், அதே வேகத்தில் மற்ற விரல்கள் பிடியைப் பிடித்து உருவிவிடும். வீட்டு நடையில் நின்று மரத் துப்பாக்கியை உருவி உருவிப் பழகினார். அக்கா அந்த நேரம் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்.

பயிற்சியாளர் முன்னாள் போலீஸ்காரர், கியூபெக் ஆள், சத்தமாகப் பேசுகிறவர், நல்ல மனுஷன். உறையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நிஜத் துப்பாக்கியை உள்ளே போட்டுத் தலைகீழாக ஆட்டினார். பிடித்து இழுத்தார். அசையவில்லை. எங்கே வாங்கியது என்று கேட்டார். “என் மனைவி தைத்தது” என்று அண்ணை தன் பிரெஞ்சில் சொன்னார். பயிற்சியாளர் விசிலடித்துவிட்டு, சோதனைக்கு இதையே போட்டுக்கொண்டு வரலாம் என்றார். அன்று ட்ரக்கில் ஏறியதும் அண்ணை என் தோளைப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கினார். “தப்பீட்டம் தம்பி” என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அந்தத் தோல் பழசு. காய்ந்தபின் இங்கொன்றும் அங்கொன்றுமாக வெடிப்பு தெரிந்தது, உருவும்போது கிரீச்சென்றது. அவர்கள் ஊரில் புதுத் தோல் செருப்பு வாங்கினால் காலைக் கடிக்காமல் இருக்க நல்லெண்ணெய் தடவி வெயிலில் வைப்பார்களாம். என் ஊரிலும் அதேதான். நாங்கள் தேங்காயெண்ணெய் தடவுவோம், அவ்வளவுதான் வித்தியாசம். தோல் என்றால் எண்ணெய் குடிக்கும், எண்ணெய் குடித்தால் உழைக்கும் என்பது எங்கள் இரண்டு பேர் ஊரிலும் குழந்தைக்கும் தெரியும். அண்ணை சோதனைக்கு முன்னால் நல்லெண்ணெயை லேசாகச் சூடாக்கி, உள்ளும் புறமும் தடவி, ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். குடிக்கக் குடிக்க மறுபடி தடவியிருக்கிறார். செருப்பு காலுக்கு இளகிக் கொடுக்க வேண்டும். உறை இளகவே கூடாது. இதை எங்களுக்குச் சொல்ல யாரும் இல்லை. உள்ளே மரத் துப்பாக்கி இருந்தபடியால் வெளியே பார்க்க உறை முன்னைப் போலவே விறைப்பாக நின்றது; கூடவே பளபளப்பும் வந்திருந்தது.

சுடும் இடம் ஆற்றுக்கு அந்தப் பக்கம், புரோசார்ட் தாண்டிப் போக வேண்டும். ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றோம். நிஜத் துப்பாக்கியை அண்ணை முன்பே இரண்டு கையாலும் உறைக்குள் வைத்து மாட்டியிருந்தார். வெடிமருந்து வாசனைக்கு நடுவில் எனக்குப் பக்கத்தில் நல்லெண்ணெய் மணத்தது. தீபாவளி காலை மாதிரி இருக்கிறது என்று நினைத்தேன், வேறெதுவும் தோன்றவில்லை. முதல் ஊதலுக்கு அண்ணை உருவியது எல்லோரையும்விட வேகம். உள்ளங்கை தட்டியது தெரிந்தது, அடுத்த கணம் துப்பாக்கி நீட்டியிருந்தது. குறியும் சரி. பயிற்சியாளர் ‘பியான், பியான்’ என்று பாராட்டினார்.

பிறகு உறைக்குள் போட வேண்டும். உள்ளே தாங்க ஒன்றும் இல்லாமல் போனதும், எண்ணெயில் ஊறிய தோல் அப்படியே அமுங்கி, உறையின் வாய் மூடிக்கொண்டது. அண்ணை முன்னால் பார்த்தபடி நுழைத்தார். போகவில்லை. இன்னொரு முறை. துப்பாக்கியின் முனை தோலின் வெளிப்பக்கத்தில் சறுக்கியது. அவர் இடது கையைக் கொண்டுவந்து உறையின் வாயை விரித்துப் பிடித்தார். குண்டு இருக்கிற துப்பாக்கியின் முனை அவருடைய இடது விரல்களுக்கு நேரே வந்தது. பயிற்சியாளர் போட்ட கூச்சலில் எல்லோரும் உறைந்து நின்றோம். தன் கைக்கு நேரே துப்பாக்கியைக் காட்டினால் அந்த இடத்திலேயே ஆட்டம் முடிந்தது. அது விதி. அதில் குற்றம் சொல்ல முடியாது.

ஆனாலும் அந்த மனுஷன் இன்னொரு வாய்ப்புக் கொடுத்தார். தோல் உறையைக் கழற்றச் சொல்லி, நிறுவனத்தின் பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்து அண்ணையின் இடுப்பில் அவரே மாட்டினார். ஊதல் அடித்தது. அண்ணையின் பெருவிரல் பூட்டின்மேல் போய் உட்கார்ந்தது. அழுத்தினார். அழுத்திக்கொண்டே இருந்தார். தோள் நடுங்கியது, கழுத்து நரம்பு புடைத்தது, பூட்டு அசையவில்லை. வரிசையில் நின்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். பயிற்சியாளர் துப்பாக்கியை வாங்கி வைத்துவிட்டு, அண்ணையின் முழங்கையைப் பிடித்து வரிசையை விட்டு வெளியே கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினார். குரலைத் தணித்துக் கேட்டது எனக்குக் காதில் விழுந்தது. கையில் ஏதாவது அடியா? இருந்தால் இப்போதே சொல், இதைத் தோல்வி என்று எழுதமாட்டேன், டாக்டரிடம் அனுப்புகிறேன், வேறு வேலை தருவார்கள்.

சொல்லு, சொல்லு என்று மனசுக்குள் கத்தினேன். அண்ணை வலது கையைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். “நோன், நோன், ஒண்டுமில்லை” என்று பிரெஞ்சும் தமிழும் கலந்து சொன்னார். “சா வா. சா வா.” எல்லாம் நல்லபடி என்று அர்த்தம். முகத்தில் ஒரு பெரிய சிரிப்பு இருந்தது. அப்படி ஒரு சிரிப்பை நான் எந்த மனுஷன் முகத்திலும் பார்த்ததில்லை, பார்க்கவும் விரும்பவில்லை.

திரும்பி வரும்போது பாலத்தில் வண்டிகள் நின்று நின்று போயின. நான் பொறுக்கமாட்டாமல் கத்திவிட்டேன். அந்த ஆள் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறான், உள்ளே வரமாட்டேன் என்றால் உங்களுக்கு என்ன பைத்தியமா என்று கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஆற்றில் மிதந்த பனிக்கட்டிகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“எங்கட பக்கம் ஆமி சுத்திவளைப்பு எண்டால் ஊர்ச் சனம் எல்லாரையும் வரிசையில நிப்பாட்டுவாங்கள். கை, கால், தோள் எல்லாம் பாப்பாங்கள். காயம் கிடந்தால் நீ சண்டைக்காரன். எங்க பட்டது, எப்ப பட்டது, என்னெண்டு பட்டது எண்டு கேப்பாங்கள். என்ர சினேகிதன் ஒருத்தன். சைக்கிள் செயினுக்குள்ள விரல் போய் வெட்டுப்பட்டுத் துணி சுத்தியிருந்தவன். எனக்குப் பக்கத்திலதான் நிண்டவன். முழங்கையில பிடிச்சு வரிசையை விட்டு இழுத்துக்கொண்டு போனவங்கள். அவன் உண்மையைத்தான் சொன்னவன் தம்பி, சைக்கிள் செயின் எண்டு. பேந்து அவனை ஒருத்தரும் காணேல்லை.” கண்ணாடியில் படிந்த ஆவியை இடது கையால் துடைத்தார். “அண்டைக்கு எனக்கும் முழங்காலில ஒரு காயம் கிடந்தது. சாரத்தை இறக்கி மறைச்சுக்கொண்டு நிண்டனான். நான் இஞ்ச இருக்கிறன்.”

இப்போது ட்ரக்கில் என் பக்கத்தில் ஹெய்ட்டிக்காரப் பையன் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். நல்ல பையன். காசுப் பையைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கினால் நான் எரிந்து விழுகிறேன். ஏன் என்று அவனுக்குப் புரியாது. அண்ணைக்கு வேலை போனது சோதனை நாளில்தான் என்று நிறுவனத்தில் எல்லோரும் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். சோதனைக்குப் பிறகும் அவரை உடனே அனுப்பிவிடவில்லை. சில வாரம் கழித்து மறுபடி ஒரு சோதனை என்று வீட்டில் இருக்கச் சொன்னார்கள். அதற்குள் ஒரு டாக்டர் பார்த்து, மூட்டை தூக்கித்தான் கை இப்படியானது என்று சொல்லிவிட்டால் போதும், எல்லாம் மாறிவிடும் என்று பயிற்சியாளரே என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். நான் அக்காவிடம் சொன்னேன். அக்கா அழுதார், இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தார். கடைசியில் அண்ணை சரி என்றார். அவருக்குச் சம்மதம் வந்ததே பெரிய காரியம் என்று நான் என் லீவை எழுதிக் கொடுத்துவிட்டு, கோத்-தெ-நேஜில் இருந்த கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அக்காவுக்கு ஒரு வீட்டில் துப்புரவு வேலை கிடைத்திருந்ததால் வர முடியவில்லை.

கூடவே உள்ளே வருகிறேன் என்றேன். “எனக்குப் பிரெஞ்ச் தெரியும்தானே, நீர் இரும்” என்று சொல்லிவிட்டார். சின்ன வயது டாக்டர் ஒருத்தி கதவுவரை வந்து, பெயரைத் தப்பில்லாமல் உச்சரிக்கப் பாடுபட்டு, சிரித்துக் கூட்டிக்கொண்டு போனாள். என்ன பேசுகிறார்களோ என்று நான் காத்திருக்கும் அறையில் ஒரு பத்திரிகையை வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இனிப் பிழைத்துக்கொள்வார், எண்ணுகிற அறையில் சூடாக உட்கார்ந்து வேலை செய்வார், சாயங்காலம் நான்தான் வீட்டில் இறக்கிவிடுவேன் என்று கோட்டை கட்டினேன். நினைத்ததைவிடச் சீக்கிரம் கதவு திறந்தது.

“என்ன சொன்னாங்க?” என்று எழுந்தேன்.

“கை நல்லாக் கிடக்காம்.”

எனக்குப் புரியவில்லை. “எப்படி? கையைப் பார்த்தாங்களா?”

“நல்ல வடிவாப் பாத்தது. மடக்கச் சொன்னது, விரிக்கச் சொன்னது. நல்ல பிள்ளை. கதிரையை இழுத்துப் போட்டு முன்னால இருந்து கேட்டது. எங்க பட்டது, எப்ப பட்டது, என்னெண்டு பட்டது எண்டு. ஒவ்வொண்டா எழுதி எழுதிக் கேட்டது.”

“எந்தக் கையைக் காட்டினீங்க, அண்ணை?”

அவருடைய வலது கை ஜாக்கெட் பைக்குள் இருந்தது. இடது கையைக் கொஞ்சம் தூக்கி, விரல்களை மடக்கி, விரித்தார். நான் அவருடைய தோளைப் பிடித்து உள்ளே தள்ளப் பார்த்தேன். வாங்க, நானே சொல்கிறேன், இன்னும் கதவு திறந்துதான் இருக்கிறது என்று சத்தம் போட்டேன். வரவேற்பில் இருந்த பெண் எழுந்து நின்றாள். உட்கார்ந்திருந்தவர்கள் எங்களைப் பார்த்தார்கள். அண்ணை என் கையை மெதுவாக எடுத்துவிட்டார். அவர் முகத்தைப் பார்த்தேன். வேர்த்திருந்தது, ஆனால் அத்தனை மாதங்களில் நான் பார்க்காத ஒரு நிம்மதி அதில் இருந்தது. வாசலை ஒருமுறை பார்த்துவிட்டு, என் காதுக்குக் கிட்டே குனிந்து, ரகசியமாகச் சொன்னார்:

“போகச் சொல்லிட்டினம் தம்பி. கெதியா வாரும், போயிடுவம்.”